வார்டில் குழந்தை: தாய்க்கும் தகப்பனுக்கும் சொந்தங்களுக்கும் வேலை இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் குழந்தைகள் வார்டிலும் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதியர் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. கைக்குழந்தைக்கு உடம்பு மிகவும் முடியாமல் போய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், பெற்றோர் கட்டிலோரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். சொந்தபந்தம் வார்டு வாசலில் கூடி நிற்கிறது. இரு தரப்பும் உதவத்தான் துடிக்கிறார்கள். ஆனால், என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஷிப்ட் ஓட்டத்தில் தாதியருக்கும் உட்கார்ந்து விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறோம். பொறுத்தருளிப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

முதலில், எப்போது புறப்பட வேண்டும் என்பது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் போகலாம் என்று இருக்கக் கூடாது. மருந்து சூட்டைத்தான் இறக்கும்; இரத்தத்தில் கிருமி இருந்தால் அது அப்படியே இருக்கும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தும் சூடே ஏறாமல், உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, மூச்சு விடும்போது முனகுவது, விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 60க்கு மேல் போவது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது, உச்சிக்குழி புடைத்திருப்பது, கைகால் வெட்டி இழுப்பது ஆகிய எதுவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அதைச் செரிமானக் கோளாறு என்று நினைத்து ஓம வாட்டர் கொடுக்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் சில மணி நேரத்தில் குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகும். மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் 999 அழையுங்கள். காரில் தாய் பின்னால் தனியாக உட்கார்ந்து மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே பினாங்குப் பாலத்து நெரிசலைக் கடப்பது ஆபத்து.

மஞ்சள் காமாலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலர் மாநிறம் அல்லது கறுப்பு. தோலைப் பார்த்து மஞ்சளின் அளவைக் கணிக்கவே முடியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள், ஆனால் முடிவு செய்வது இரத்தப் பரிசோதனைதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே அவசரம். நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தாலோ, பித்த நாளம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அறுவை சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் நல்ல பலன். காலை வெயிலில் காட்டுவதால் காமாலை இறங்கிவிடாது. உடம்பு சூடேறி நீர்ச்சத்து குறைவதுதான் நடக்கும். வார்டில் போடும் நீல விளக்கு வேறு. குறிப்பிட்ட அலைநீளமுள்ள அந்த ஒளி, தோலுக்கடியிலுள்ள பித்த நிறமியை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஒளி எவ்வளவு தோலில், எவ்வளவு நேரம் படுகிறதோ அவ்வளவுதான் பலன். குழந்தை அழுகிறது என்று அடிக்கடி வெளியே எடுப்பது, கையுறை காலுறை மாட்டுவது, மேலே துணி போர்த்துவது எல்லாம் சிகிச்சையைப் பாதியாக்கிவிடும். பால் கொடுக்க எடுத்தால் 20, 30 நிமிடத்தில் திரும்பப் படுக்க வையுங்கள். கண் மறைப்பு நழுவி மூக்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம். நிறமி மலத்தோடுதான் வெளியேறும், அதற்குப் பால்தான் தேவை. நாளுக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்னும், சிவப்பணுக்களைக் காக்கும் நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதித் தருவார்கள். அந்த வீட்டில் அலமாரிக்குள் நாப்தலீன் உருண்டை இருக்கவே கூடாது. அந்த வாடை பட்ட துணியில் குழந்தையைச் சுற்றினால்கூடச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறும். பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்த பழைய குழந்தைத் துணியையும் பாட்டியின் சேலையையும் துவைத்து வெயிலில் காயப் போட்டு, வாடை சுத்தமாகப் போன பிறகே பயன்படுத்துங்கள்.

இனி வார்டுக்குள். முதல் நாளிலேயே பெற்றோர் அதிகம் தடுமாறுவது முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரை எடுப்பதற்குக் கையெழுத்துக் கேட்கும்போது. "கால் விளங்காமல் போய்விடும்" என்று வாட்ஸ்அப்பிலிருந்து ஒருவரும் வராண்டாவிலிருந்து ஒருவரும் சொல்ல, தகப்பன் மறுத்துவிட்டுப் போகிறார். நடப்பது இதுதான். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலும் தாடையும் நெருங்கும்படி வளைத்துப் பிடிப்பார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக, முதுகெலும்பின் அடிப்பகுதியில் மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கீழே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தான். எடுக்கும் நீர் சில சொட்டு, மொத்தம் ஒன்றிரண்டு மில்லிலிட்டர். குழந்தை அழுவது பெரும்பாலும் வளைத்துப் பிடிப்பதால். சில சமயம் சிறு இரத்தக்குழாய் பட்டு நீரில் இரத்தம் கலந்துவிடும். அப்போது மறுபடி எடுக்க வேண்டி வரலாம். அதனால் பிள்ளைக்கு நிரந்தரக் கெடுதல் இல்லை.

ஏன் எடுத்தே ஆக வேண்டும் என்றால், பச்சிளங்குழந்தைக்கு மூளைச்சவ்வில் கிருமி தொற்றினாலும் பெரியவர்களைப் போலக் கழுத்து விறைக்காது. வெளியே பார்த்தால் பாலைக் குறைத்துக்கொண்டது மட்டும்தான் தெரியும். இரத்தத்தில் மட்டும் கிருமி என்றால் பொதுவாக 7 முதல் 10 நாள் மருந்து. மூளைச்சவ்வில் என்றால் 14 முதல் 21 நாள், மருந்தின் அளவும் கூடும், பிறகு காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்த நீர் இல்லாவிட்டால் மருத்துவர் ஊகித்துத்தான் மருந்து கொடுக்க முடியும். ஒன்று, தேவையில்லாமல் மூன்று வாரம் பிள்ளைக்கு ஊசி. இல்லையேல், பத்தாம் நாள் வீட்டுக்குப் போய் மீண்டும் வலிப்போடு திரும்பி வருவது. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தாலும் அதற்குள் மருந்து ஏறியிருக்கும், கிருமி வளர்ந்து காட்டாது. எனவே மறுப்பதானால் நிபுணரிடம் நேராகக் கேட்டுவிட்டு மறுங்கள். குழந்தைக்கு மூச்சு நிலையாக இல்லாதபோதோ, இரத்தம் உறையாத கோளாறு இருக்கும்போதோ மருத்துவரே தள்ளிப்போடுவார். அதை அவரே சொல்வார்.

எடுத்த இரத்தமும் நீரும் கிருமி வளர்ப்புக்குப் போகும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் முதல் விடை வரும். அதுவரை "என்ன நோய் என்றே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று நொந்துகொள்ள வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இப்போது எதைச் சந்தேகித்து மருந்து கொடுக்கிறீர்கள், எந்தச் சோதனையின் விடை எப்போது வரும், விடை எப்படி வந்தால் மருந்தை நிறுத்துவீர்கள், எப்படி வந்தால் மாற்றுவீர்கள். இந்த நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, காலையில் மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும் நேரத்தில் கட்டிலருகே இருங்கள். அந்த நேரத்துக்குக் காலைப் பசியாறப் போய்விட்டால் அன்றைய செய்தி முழுதும் தாதியர் வாயிலாகத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். நோட்டில் தினமும் எடை, எத்தனை மி.லி. பால், எத்தனை தடவை சிறுநீர், மருந்தின் பெயர் என்று குறித்து வையுங்கள். ஈரமான பேம்பர்ஸைத் தாதியர் நிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பேம்பர்ஸின் எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஒரு மி.லி. சிறுநீர். நீங்கள் கழற்றியதைக் குப்பையில் போடாமல் தனியாக வைத்தாலே அது பெரிய உதவி.

சொட்டு நீர் ஏற்றும் ஊசி பச்சிளங்குழந்தைக்கு ஓரிரு நாளுக்கு மேல் தாங்குவது அபூர்வம். ஊசி ஏற்றும் இரத்த நரம்பு மெலிது, பிள்ளை கையை உதறும். இதில் பெற்றோரின் கண்தான் சிறந்த காவல். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் ஊசி இருக்கும் கையையும் மற்றக் கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று வீங்கி, சில்லிட்டு, வெளுத்து, தொட்டால் கெட்டியாக இருந்தால் மருந்து நரம்புக்கு வெளியே தசையில் இறங்குகிறது என்று பொருள். உடனே தாதியைக் கூப்பிடுங்கள், ஷிப்ட் மாறட்டும் என்று பொறுக்காதீர்கள். கால்சியம் கலந்த நீரோ அடர்த்தியான குளுக்கோஸோ அப்படி இறங்கினால் தோல் புண்ணாகி உரியும். குளிருமே என்று அந்தக் கையைப் போர்வைக்குள் மூடி வைப்பதால்தான் பல சமயம் வீக்கம் கவனிக்கப்படாமல் போகிறது. கையில் நரம்பு கிடைக்காவிட்டால் தலையில் கொஞ்சம் முடி மழித்துப் போடுவார்கள். முதல் மொட்டை குலதெய்வத்துக்கு நேர்ந்தது என்று மனம் வருந்துவது எங்களுக்குப் புரிகிறது. மழித்த முடியைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பத்திரப்படுத்தி வைத்துப் பிறகு காணிக்கை செலுத்துங்கள்.

மானிட்டர் பெட்டியில் எண் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார் பலர். பச்சிளங்குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை இருப்பது இயல்பு. அழும்போது ஏறும், ஆழ்ந்து தூங்கும்போது இறங்கும். குறைமாதக் குழந்தைக்குப் பிராணவாயு கொடுக்கும்போது இரத்தத்தில் அதன் அளவை வேண்டுமென்றே 90 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் வைப்பார்கள், ஏனென்றால் அளவு மிஞ்சினால் கண்ணின் விழித்திரை கெடும். ஆகவே "நூறு காட்டவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம். மணி அடித்தால் முதலில் பெட்டியைப் பார்க்காமல் குழந்தையின் உதட்டையும் நெஞ்சையும் பாருங்கள். நிறம் நன்றாக இருந்து நெஞ்சு ஏறி இறங்கினால் பெரும்பாலும் காலில் ஒட்டிய சென்சார் நழுவியிருக்கும். நிறம் மாறியிருந்தால், அல்லது 20 வினாடி மூச்சே இல்லாவிட்டால், குரல் கொடுங்கள். மணியை நீங்களாக அணைக்கக் கூடாது. சென்சாரைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை வேறு காலுக்கு மாற்றுவார்கள், ஒரே இடத்தில் இருந்தால் தோல் சிவந்து புண்ணாகும்.

மழைக்காலத்தில் வார்டை நிறைப்பது ஆர்.எஸ்.வி. என்னும் சளிக் கிருமி. பெரியவர்களுக்கு வெறும் மூக்கடைப்பு. மூன்று மாதக் குழந்தைக்கு நுண்ணிய மூச்சுக்குழாய்கள் சளியால் அடைபட்டு மூச்சு வாங்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் கடுமை உச்சம். இதைத் தெரிந்துகொள்ளாததால் "சேர்த்த பிறகுதான் மோசமாகிறது" என்று நம்மவர்கள் மருத்துவமனை மாறத் துடிக்கிறார்கள். இதற்குக் கிருமிக்கொல்லி மருந்து கிடையாது. மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வது, பிராணவாயு, மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் கொடுப்பது, இவைதான் சிகிச்சை. தைலம், கற்பூரம் கலந்த எண்ணெய் எதையும் நெஞ்சிலோ மூக்கடியிலோ தடவாதீர்கள். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும் விஷம்.

தாய்ப்பால் பற்றித்தான் நாங்கள் அதிகம் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் வார்டில் தாய் செய்யும் வேலைகளில் வேறு எவராலும் செய்ய முடியாதது அது ஒன்றே. குழந்தை குழாயில் பால் குடிக்கும் நாள்களில் மார்பில் பால் தானாகத் தங்கியிராது. எடுக்க எடுக்கத்தான் சுரக்கும். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் கையால் பிழிந்து சீம்பாலை எடுக்கத் தொடங்க வேண்டும். ஒரு மி.லி. சிரிஞ்சில் சில சொட்டுதான் வரும், அது போதும். அதைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள். பிறகு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்தில் குறைந்தது 8 தடவை பம்ப் செய்ய வேண்டும். இரவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் ஒரே வாரத்தில் பால் குறையும். இரண்டு கிலோ குழந்தைக்கு நாளுக்கு ஏறக்குறைய 300 மி.லி., அதாவது மூன்று மணிக்கொரு தடவை 37 மி.லி. தேவை. ஆனால் இரண்டாவது வார முடிவில் 500 மி.லி.க்கு மேல் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால்தான் பிள்ளை வளர வளரப் பற்றாக்குறை வராது. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதை உடனே நிறுத்துங்கள்.

பம்ப்பின் பால் படும் பாகங்களைக் கழற்றி, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பின் சோப்பும் சுடுநீரும் விட்டுக் கழுவி, ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியால் துடைக்காமல் உலர விடுங்கள். பாட்டிலில் தாயின் பெயர், அடையாள அட்டை எண், தேதி, எடுத்த நேரம் எழுதுங்கள். பெயரில்லாத பாலை வார்டில் கொட்டிவிடுவார்கள், அது சரிதான். ஒரு தாயின் பால் வேறு பிள்ளைக்குப் போய்விடக் கூடாது. அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்கு. நம் ஊர்ச் சூட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எடுத்த கையோடு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைத்தால் நான்கு நாள் தாங்கும், ஆனாலும் வார்டு சொல்லும் விதியே இறுதி, பல வார்டுகளில் அது 48 மணி நேரம்தான். பெருநிலத்திலுள்ள நிபோங் திபாலிலிருந்தும் சுங்கை பாக்காப்பிலிருந்தும் பினாங்குத் தீவுக்குப் பால் கொண்டு வரும் தகப்பன்மார் கவனத்துக்கு: உறையவைத்த ஐஸ் பேக்கைப் பாட்டிலைச் சுற்றி அடுக்கி, மீதி இடைவெளியைச் சுத்தமான துணியால் நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் சூடு வேகமாக ஏறும். உறைந்த பால் வழியில் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்கக் கூடாது, குளிர்ப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது.

குழந்தையைத் தொடலாமா என்று பயந்து தள்ளி நிற்பவர்கள் உண்டு. தொட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டு 40 வினாடிக்குக் குறையாமல் கழுவுங்கள். குறைமாதக் குழந்தையை வருடினால் அதற்குத் தாங்காது. ஒரு கையைத் தலையிலும் மற்றதை மடக்கிய கால்களிலும் அசையாமல் வைத்திருந்தால் அமைதியாகும். மருத்துவர் அனுமதித்ததும் கங்காரு முறையில் நெஞ்சோடு நெஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை வேண்டும். அத்தர், பவுடர், மஞ்சள் பூச்சு வேண்டாம். தகப்பனும் செய்யலாம். தாய்க்கு அறுவை சிகிச்சைக் காயம் வலிக்கும் நாள்களில் தகப்பன்தான் செய்ய வேண்டும்.

இப்போது சொந்தங்களுக்கு. திருநீறு பூசுவதும், கறுப்புப் பொட்டு வைப்பதும், இடுப்பில் அரைஞாண் கட்டுவதும் அன்பினால்தான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் தூள் மூச்சுக்குழாயில் போகும், மை கண்ணில் கிருமியைச் சேர்க்கும், நூலின் அடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும், உடம்பு வீங்கினால் நூல் இறுக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொப்புள் வழியாகக்கூடக் குழாய் போட்டிருப்பார்கள். கோயிலில் வாங்கி வந்ததைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, எங்கே வைக்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். பிராணவாயு ஓடும் இடத்தில் விளக்கு, ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். தேனை நாக்கில் தொட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனிலுள்ள ஒருவகைக் கிருமி விதை குடலில் முளைத்துத் தசைகளை முடக்கிவிடும். வசம்பும் உரை மருந்தும் வார்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், திட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். என்ன கொடுத்தீர்கள் என்பது தெரிந்தால் அதற்கேற்பச் சோதனை செய்வார்கள்.

சளி, இருமல் உள்ளவர் வார்டுப் பக்கம் வரக் கூடாது. முத்தம் வேண்டாம். அரசாங்க வார்டில் இரவில் பொதுவாக ஒருவரைத்தான் தங்க விடுவார்கள், பெரும்பாலும் தாயை. ஆகவே அத்தை, சித்தி, பெரியம்மா செய்யக்கூடிய பெரிய உதவி பகலில் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை தாயை மாற்றிவிட்டு அவளைத் தூங்க அனுப்புவது. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, துணி துவைப்பது, சூடான சோறும் கீரையும் முட்டையும் டிபன் கேரியரில் கொண்டு வந்து வாசலில் கொடுப்பது, டோல், பார்க்கிங், பெட்ரோல் செலவுக்குக் கையில் கொஞ்சம் வெள்ளி கொடுப்பது, இதெல்லாம்தான் வேலை. செய்தி கேட்பதற்குக் குடும்பத்தில் ஒருவரை மட்டும் நியமியுங்கள். மருத்துவரிடம் பேசுபவரும் அவரே. மற்றவர்கள் அவரைக் கேட்கட்டும். பத்துப் பேர் தாயின் கைப்பேசிக்கு அழைத்தால் அவள் ஒரே துயரத்தைப் பத்துத் தடவை சொல்கிறாள்.

பிள்ளையையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதால் தாயின் உடம்பை யாரும் பார்ப்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு தாயைப் பார்க்க வீட்டுக்கு வரும் கிராமத் தாதி, வீடு பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவார். மருத்துவமனை அருகே தங்கியிருந்தால் உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதார மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்து அதைச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனையும் இரத்தப்போக்கு, காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, கண் மங்கலோடு தலைவலி இருந்தால் தாயையும் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல், தூங்கக் கிடைத்த நேரத்திலும் தூக்கம் வராமல், பிள்ளையிடம் ஒட்டுதலே இல்லை என்று அவள் சொன்னால் "மனசைத் தைரியப்படுத்திக்கோ" என்று சொல்லி முடிக்காதீர்கள். அது சிகிச்சை உள்ள நோய். வார்டு மருத்துவரிடமே சொல்லலாம், சுகாதார அமைச்சின் ஹீல் எனும் மனநல ஆலோசனை எண் 15555க்கும் அழைக்கலாம்.

பணம், வேலை விஷயம் சுருக்கமாக. அரசாங்க மருத்துவமனை மூன்றாம் வகுப்பில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, அதற்குக் குழந்தையின் பிறப்புப் பத்திரம் வேண்டும். தாய் வெளிநாட்டவராக இருந்து, கோயில் திருமணம் மட்டும் நடந்து பதிவு செய்யாமல் விட்டிருந்தால் குழந்தையின் குடியுரிமையிலேயே சிக்கல் வரும். கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமாகிவிடும். திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் பிரசவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் முதல் நாளே காப்புறுதியைப் படித்துப் பாருங்கள். பல திட்டங்கள் முதல் இரண்டு வாரத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. கையிருப்பு தீர்ந்த பிறகு அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றக் கேட்டால் கட்டில் கிடைக்க வேண்டும், பயணம் தாங்கும் நிலையில் பிள்ளையும் இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கேட்பது நல்லது. மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. கருவி வாங்க, இருதய அறுவை சிகிச்சைக்காகக் கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகத்துக்குப் போக, உதவிக்கு அங்கேதான் முதல் மனு. சில கடும் நோய்களுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள். அந்த 7 நாளும் தொடர்ச்சியானவை, பிள்ளை வீடு திரும்பும் நாளுக்கென்று மிச்சம் பிடித்து வைக்க முடியாது. வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் எழுத்துமூலம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு, பதில் சொல்ல அவருக்கு 60 நாள் இருப்பதால் சீக்கிரமே கொடுங்கள்.

சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று கையெழுத்திட்டுப் பாதி மருந்தில் புறப்படுவது எங்களை மிகவும் வருத்தும் விஷயம். தீபாவளி, பதினாறாம் நாள், பெயர் சூட்டு விழா, எந்தக் காரணமானாலும் சரி. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், கிருமி அவ்வளவு சீக்கிரம் சாகாது. பெயரைப் பிறகும் சூட்டலாம்.

முறையாக வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்தைக் கண்ணால் பார்த்து, சிரிஞ்சில் எடுத்துக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். காய்ச்சல் மருந்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பாராசித்தமால் இங்கே 5 மி.லி.யில் 120 மி.கி., 5 மி.லி.யில் 250 மி.கி., ஒரு மி.லி.யில் 100 மி.கி. என்று மூன்று வீரியத்தில் கிடைக்கிறது. ஆறு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 90 மி.கி. என்றால் முதலாவதில் 3.75 மி.லி., இரண்டாவதில் 1.8 மி.லி., சொட்டு மருந்தில் 0.9 மி.லி. முதலாவதின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் அதே 3.75 மி.லி.யை ஊற்றினால் நாலு மடங்கு மருந்து போய்விடும், கல்லீரல் கெடும். அதனால் மி.லி.யை மட்டும் மனப்பாடம் செய்யாமல் பாட்டில் மேலுள்ள மி.கி.யையும் பாருங்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம்.

மறுவருகைத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, பிறந்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் விழித்திரைச் சோதனை தொடங்க வேண்டும். கோளாறு இருந்தால் சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாள்களே. காதுச் சோதனையின் விடை மூன்று மாதத்துக்குள் உறுதியாகிவிட வேண்டும். தடுப்பூசி, குறைமாதக் குழந்தையானாலும் பிறந்த தேதியைக் கொண்டே கணக்கிட வேண்டும். கவிழ்வது, உட்காருவது, நடப்பது மட்டும் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிடப்படும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் உட்காரத் தொடங்கினால் அது ஆறு மாதப் பிள்ளையின் வளர்ச்சிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மருமகளை வருத்த வேண்டாம்.

பினாங்கிலுள்ள தமிழ் அமைப்புகளுக்கும் ஆலயங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கெடாவிலிருந்தும் பேராக்கின் வடபகுதியிலிருந்தும் தீவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் தாய்மார் மதியச் சோறில்லாமல், குளிக்க இடமில்லாமல், பால் எடுத்து வைக்கக் குளிர்ப்பெட்டி இல்லாமல் இருக்கிறார்கள். அன்னதானத்திலிருந்து நாளுக்குச் சில பொட்டலத்தை வார்டு மேற்பார்வைத் தாதியிடம் பேசி ஏற்பாடு செய்து அனுப்பலாம். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை, ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு பம்ப், அதைக் கொதிக்க வைக்க ஓர் அடுப்பு இருந்தாலே போதும். அப்படி முன்வரும் அமைப்புக்கு, அறையை எப்படி அமைப்பது என்று வந்து சொல்லித் தரவும், தாய்மாருக்கு முறை போட்டு உடனிருக்கவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குழந்தைகள் வார்டுத் தாதியர் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.